தடுக்க ஆள் இல்லாத நல்லவர்

அத்தையின் வலது காலில் சுண்டுவிரல் இப்போது இல்லை. ஆலங்குடி வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்காரும்போதெல்லாம் சேலை ஓரத்தை இழுத்து அந்த இடத்தை மூடிக்கொள்வார். எப்படி ஆச்சு என்று யாராவது கேட்டால் "சர்க்கரைப்பா" என்பதோடு சரி. அக்குபங்சர் ஊசி போட்ட தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

மூட்டு வலிக்காகத்தான் அத்தை அந்தத் தம்பியிடம் போக ஆரம்பித்தார். துணைக்கு நானும் இரண்டு தடவை போயிருக்கிறேன். மாடியில் ஒரே அறை, வாசல் படியெல்லாம் செருப்பு. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட டிப்ளமோ சான்றிதழ். அத்தையின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடி, ஒரு நிமிடத்துக்கும் மேலாக நாடி பார்ப்பார். பிறகு உறையைக் கிழித்து ஊசி எடுப்பார். ஒரே ஊசிதான்.

"வலிக்குதாம்மா?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு தம்பி."

சற்று நேரம் கழித்து அந்த ஊசி பழைய ஊறுகாய் பாட்டிலுக்குள் விழும். கட்டணம் இல்லை, கதவோரம் ஓர் உண்டியல் உண்டு, முடிந்ததைப் போடலாம். முட்டி வலி குறைந்தது என்று அத்தை சொன்னார். நான் நம்புகிறேன். படி ஏற முடியாமல் இருந்தவர் கோயில் படி ஏறினார்.

ஐந்தாவது மாதம் அந்தத் தம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னார். "இனி அந்த ரசாயனம் வேண்டாம்மா, உடம்பு தன்னைத் தானே பாத்துக்கும்." அத்தை நிறுத்தினார். செருப்புக் கடித்த இடம் புண்ணானது. காட்டியபோது, "பயப்படாதீங்க, உடம்பு கழிவை வெளிய தள்ளுது" என்றார். நாற்பது நாள் தள்ளியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று விரல் கறுத்திருந்தது.

அந்தத் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதார். வராந்தாவுக்கு வந்ததும் என்னிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "எனக்கு அப்படித்தாண்ணே சொல்லிக் குடுத்தாங்க."

அந்த வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. கோபத்தோடு போனவன் நான். ஆனால் எதிரே நின்றவர் மோசடிக்காரர் இல்லை. காசுக்கு ஆசைப்பட்டவரும் இல்லை. தான் படித்ததை உண்மை என்று நம்பிச் செய்த ஒருவர்.

இருந்தாலும் விரல் போனது போனதுதான். எங்கே சொல்வது என்று விசாரித்தேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உண்டியலில் போட்டது கட்டணமா, காணிக்கையா என்பதிலேயே வழக்கு நின்றுவிடும் என்றார் ஒரு வக்கீல் நண்பர். காவல் நிலையம்? சிகிச்சையில் நேர்ந்த தவறு குற்ற வழக்காக வேண்டுமானால் அது மிக மோசமான கவனக்குறைவாக இருக்க வேண்டும். போலி டாக்டர் என்று நலப்பணிகள் இணை இயக்குநரிடம் எழுதலாமா? பதிவு பெறாமல் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம். ஆனால் அவர் ஆங்கில மருந்து எதுவும் எழுதித் தரவில்லையே, எழுதியிருந்ததை அல்லவா நிறுத்தினார்! சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அவர் விளம்பரமும் செய்யவில்லை. அறைக்குள் உட்கார்ந்து அன்பாகச் சொன்னார்.

ஒவ்வொரு வாசலிலும் ஒரு கேள்வி இருந்தது. குற்றமா, நஷ்டமா, போலியா என்று கேட்டார்கள். ஊசி போடுபவர் ஒருவர் செய்யக்கூடாததை இவர் செய்தாரா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்க, அந்தத் தொழிலை அறிந்தவர்கள் சட்டத்தின் அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும் ஓர் அவை வேண்டும். மேற்கு வங்கத்தில் 1996-இலும் மகாராஷ்டிரத்தில் 2015-இலும் அக்குபங்சருக்கென்றே தனிச் சட்டம் வந்தது. மத்திய அரசு 2019 பிப்ரவரியில் இதைத் தனித்த சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. அந்த இரண்டு மாநிலங்களைப் போன்ற தனிச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை.

இந்தக் கலை நம் நாட்டுக்கு வந்த விதத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1938-இல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில், டாக்டர் கோட்னிஸோடு இருந்தவர் டாக்டர் பிஜய் குமார் பாசு. 1959-இல் அவர்தான் அக்குபங்சரைக் கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவர் ஏற்கெனவே மருத்துவர். எதைத் தொடலாம், எங்கே நிறுத்தி இன்னொருவரிடம் அனுப்ப வேண்டும் என்ற பழக்கம் அவர் கையிலேயே இருந்தது. பிறகு கலை ஊர் ஊராகப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் படித்தவர்கள் சின்ன ஊர்களிலும் அறை எடுத்து உட்கார்ந்தார்கள். கலை வந்து சேர்ந்தது. கட்டுப்பாடு வழியிலேயே நின்றுவிட்டது.

கலிபோர்னியாவில் 1974-இல் மிரியம் லீ என்ற சீனப் பெண்மணியை உரிமம் இல்லாமல் ஊசி போட்டதற்காகக் கைது செய்தார்கள். அவரிடம் குணமான நோயாளிகள் நீதிமன்றத்தில் திரண்டார்கள். அடுத்த ஆண்டே சட்டம் இயற்றப்பட்டது. ஊசி போடும் உரிமையைக் கொடுத்த அதே ஏற்பாடு, தண்டிக்கும் அதிகாரத்தையும் ஒரு வாரியத்திடம் கொடுத்தது. ஓர் ஊசியை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தினால் அது தொழில் ஒழுங்கீனம் என்று அங்கே விதியே இருக்கிறது. கவனக்குறைவு, திறமைக்குறைவு, பொய் விளம்பரம், உரிமம் இல்லாதவருக்குத் துணைபோவது, நோயாளியிடம் பாலியல் அத்துமீறல் எல்லாம் விசாரணைக்குரியவை. குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லலாம். முடிவில் எச்சரிக்கையோடு தொழிலைத் தொடரவிடலாம், நிறுத்திவைக்கலாம், உரிமத்தையே பறிக்கலாம். அந்த ஆணைகளை ஊர் பார்க்கலாம்.

இதைப் படித்தபோது முதலில் எனக்குத் தோன்றியது, அத்தைக்கு இப்படி ஒரு வாசல் இருந்திருக்கலாமே என்பதுதான். கொஞ்ச நாள் கழித்துத்தான் மற்றொன்று உறைத்தது. அந்தத் தம்பிக்கும் இப்படி ஒரு வாசல் இருந்திருக்க வேண்டும். இன்னொரு மருத்துவர் கொடுத்த மாத்திரையை நீ நிறுத்தக்கூடாது, ஆறாத புண்ணோடு சர்க்கரை நோயாளி வந்தால் அன்றே அனுப்பிவிடு என்று முதல் நோயாளி படியேறும் முன்பே அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னதை மீறினால் கேட்பார்கள் என்ற நினைப்பு அவர் விரல் நுனியில் இருந்திருக்க வேண்டும். ஒழுங்கு விதி கெட்டவர்களைப் பிடிக்கும் வலை என்றே நாம் எண்ணுகிறோம். கெட்டவனுக்குத் தான் எல்லை தாண்டுவது தெரியும். அது தெரியாமல் தாண்டுகிறவர் நல்லவர்தான். குணப்படுத்தும் ஆசை அதிகமாக அதிகமாக அவர் இன்னும் தூரம் போவார். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரம் நேமம் பகுதியில், வீட்டுப் பிரசவத்தில் தாயும் குழந்தையும் இறந்தார்கள். கணவரையும் அக்குபங்சர் பார்த்தவரையும் போலீஸ் கைது செய்தது. எல்லாம் முடிந்த பிறகு வருவது போலீஸ்.

மருத்துவர்கள் பிறக்கும்போதே ஒழுங்கோடு பிறந்தவர்கள் இல்லை. நம் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறியது 1912-இல். சென்னை மாகாணத்தில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது 1914-இல்தான். பதிவேடு வந்த பிறகுதான் ஒரு பெயரை அதிலிருந்து நீக்க முடியும் என்ற நிலை வந்தது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், உள்நோயாளி பற்றிய குறிப்புகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், புகாரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். எழுதியபடி எல்லாம் நடக்கிறதா என்றால் இல்லை. மருத்துவர்களின் மன்றம் மருத்துவரைத்தான் காப்பாற்றும் என்ற குறை ஊரெல்லாம் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் சரியாகத் திறக்காத கதவைத் தட்டித் திறக்கச் சொல்லலாம். வெறும் சுவரிடம் என்ன சொல்வது?

நீக்க முடியாத பெயருக்கு மதிப்பு எங்கிருந்து வரும்? அந்தத் தம்பியின் சுவரில் தொங்கிய சான்றிதழை நினைத்துக்கொள்கிறேன். எது நடந்தாலும் அதை யாரும் கழற்றப் போவதில்லை. அதனாலேயே அது அவரைத் தாங்கவும் இல்லை. அழுதுகொண்டு வராந்தாவில் நின்றபோது அவர் தனியாக நின்றார். அவருடைய தொழிலைச் சேர்ந்த ஒருவர் வந்து "இதைத் தப்பாகச் செய்தாய், இனி இப்படிச் செய்" என்று சொல்லவில்லை. தவறைச் சுட்டிக்காட்டச் சொந்த ஆட்கள் இல்லாமல் போவது நோயாளிக்கு நேரும் அநியாயம் மட்டும் இல்லை. தொழில் செய்கிறவரை அநாதையாக்குவதும் அதுதான்.

அவர் இன்னும் ஊசி போடுகிறார். மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை என்று கேள்விப்பட்டேன். அது அவராகக் கற்றுக்கொண்டது. அதற்கு விலை அத்தையின் விரல். அடுத்த தெருவில் புதிதாக அறை எடுத்திருப்பவருக்கு அது தெரியாது.

கீரனூரிலும் அறந்தாங்கியிலும் திருமயத்திலும் இந்தத் தொழிலை மனசாட்சியோடு செய்யும் தம்பி தங்கைகளிடம் கேட்கிறேன். உரிமை கேட்டுச் சென்னைக்கு மனு எழுதும்போது, எங்களை விசாரிக்க ஓர் அவை வேண்டும் என்றும் அதே மனுவில் எழுதுங்கள். சட்டம் வரும்வரை, சான்றிதழுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி வையுங்கள். ஊசியை மறுபடி பயன்படுத்தமாட்டேன், பயன்படுத்தியதைத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் போடுவேன், டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லமாட்டேன், பிரசவம் பார்க்கமாட்டேன், ஆறாத புண்ணை அன்றே அனுப்பிவைப்பேன் என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். என் அத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார்.