தன் பெயரைத் தானே கூப்பிட்டால்

பைத்தானில் டெக்கரேட்டர் பாடம் எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவி கேட்டுவிடுகிறார்: "சார், உள்ளே இருக்கிற ஃபங்க்‌ஷனுக்குத் தன்னைச் சுற்றி இன்னொன்று இருப்பது தெரியுமா?" என் காதில் அது 'நான் என்பது எது' என்ற பழைய கேள்வியாகவே விழுகிறது.

2004-ல் வந்த பைத்தான் 2.4-லிருந்து, ஃபங்க்‌ஷனின் தலைமேல் அட் குறியிட்டு ஒரு டெக்கரேட்டரின் பெயரை எழுதலாம். ஃபங்க்‌ஷன் உருவானதும் டெக்கரேட்டர் அதை வாங்கிக்கொள்கிறது. அது எதைத் திருப்பித் தருகிறதோ, பெயர் அதற்குப் போய்விடுகிறது. பெரும்பாலும் அது பழைய ஃபங்க்‌ஷனைச் சுற்றிய ஓர் உறை. பழைய ஃபங்க்‌ஷன் அழியவில்லை. உறைக்குள் முழுசாக இருக்கிறது. பெயர்தான் அதனிடம் இல்லை.

தன்னைத்தானே அழைத்து ஃபிபனாச்சி எண்ணைக் கணக்கிடும் ஃபங்க்‌ஷன் ஒன்று. முப்பதாவது எண்ணுக்கு அது 26,92,537 முறை ஓடும். எல்ஆர்யூ கேஷ் என்ற டெக்கரேட்டரை மேலே வைத்தால் 31 முறைதான். உள்ளே ஓர் எழுத்துகூட மாறவில்லை. தன்னை அழைக்க அது சொல்வது தன் பெயரை. அந்தப் பெயரில் இப்போது இருப்பது உறை. தன்னைத் தேடும் ஒவ்வொரு முறையும் உறையிடமே வந்து சேர்கிறது, சேமித்துவைத்த விடை இருந்தால் வாங்கிக்கொள்கிறது. பெயரை நம்பாமல் தன்னை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தால், அந்த இருபத்தாறு லட்சம் முறையும் ஓடியே தீர்ந்திருக்கும்.

தன் பெயர் வெறும் வழக்குப் பெயர், அதற்குள் ஆள் என்று யாரும் இல்லை என்றார் மிலிந்த அரசனிடம் நாகசேனர் என்ற பௌத்தப் பிக்கு. பாதி தூரம் அவரோடு போகிறேன். பெயர் நமக்குச் சொந்தமில்லை, சரி. ஆளே இல்லை என்பதை என்னால் ஒப்ப முடியவில்லை. அந்த 31 முறையும் கணக்குப் போட்டது உறை இல்லை, உள்ளே இருப்பது. ராப்டு என்ற பண்பின் வழியே போனால் அசலை இப்போதும் தொடலாம்.

கிளாஸ் டெக்கரேட்டரில்தான் எனக்கு உறுதி குறைகிறது. டேட்டாகிளாஸ் என்ற டெக்கரேட்டர் பொதுவாக, நாம் கொடுத்த கிளாஸிலேயே சில மெத்தட்களைச் சேர்த்துத் திருப்பித் தரும். அதே ஆள்தான், சந்தேகமில்லை. பைத்தான் 3.10-லிருந்து ஸ்லாட்ஸ் வேண்டும் என்று கேட்டால், புதிதாக ஒரு கிளாஸைச் செய்து பழைய பெயரை அதற்குச் சூட்டிவிடும். நாம் எழுதிய மெத்தட்கள் அவையேதான். அவற்றில் ஒன்று, அடைப்புக்குள் எதுவும் தராமல் சூப்பரை அழைத்தால், 3.10-ல் பிழை வரும். மெத்தட் இன்னும் பழைய கிளாஸையே நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நினைவு தொடர்கிறது என்பதற்காக, இதுவும் அதுவும் ஒன்றே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.