யார் வேலை?

மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது பள்ளியில் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இடைவேளைக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை நான் வந்து அவனைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகவேண்டும். அப்பா வரலாமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வேலையை விட்டேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016ஐப் பிறகுதான் படித்தேன். பாகுபாடின்றிச் சேர்க்கவேண்டும், அந்தக் குழந்தைக்குத் தேவையான உதவியைச் செய்து தரவேண்டும் என்கிறது. எழுதிக் கொடுத்தேன். மறுவாரத்திலிருந்து ஆயாம்மா அழைத்துப் போனார்.

வென்றதாக நினைத்தேன். என்னைவிட வயதில் மூத்தவர்; என் பழைய சம்பளத்தில் கால்வாசிகூட அவருக்கு இல்லை. அவருடைய சாதியையும் மனசுக்குள் ஊகித்திருந்தேன். ஊகித்ததை இப்போது சொல்லவே கூசுகிறது.

ஆனால் அவரிடம்தான் அவன் கற்றான். அரைமணிக்கொருமுறை அதே பட அட்டை, அதே சொல்: "ஒண்ணுக்குப் போலாமா சாமி?" நனைத்துவிட்டால் திட்டமாட்டார். அவன் வேண்டாமென்று தலையாட்டினால் இழுக்கமாட்டார், கதவருகே காத்திருப்பார். (நான் இழுத்திருக்கிறேன்.) நான்கு மாதத்தில் அவனே அட்டையை எடுத்து நீட்டினான்.

'அ' சொல்லிக்கொடுப்பவர் ஆசிரியர். இதைச் சொல்லிக்கொடுப்பவர் ஆயாவா? கற்பித்தல் என்று சொல்லாமல் சுத்தம் செய்வது என்று பெயர் வைத்ததால்தானே இந்த வேலை முதலில் என்னிடம் வந்தது, பிறகு அவரிடம் போனது?

வகுப்பாசிரியரிடம் ஓர் அட்டையைக் கொடுத்து, "காலையில் ஒருமுறை நீங்க கூட்டிட்டுப் போங்க டீச்சர், ஆயாம்மா காட்டித்தருவாங்க" என்றேன். வாங்கி மேசைமேல் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.