கேளாமல் தந்த மணம்

நம் சமூகத்துக் குடும்பம் ஒன்று, பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டு, வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தது. அக்குடும்பத்துச் சிறுமி நான்காம் வகுப்பில் பயில்கிறாள். கைக்குழந்தைப் பருவம் தொட்டே அவளுக்கு இளைப்பு உண்டு. சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபொழுது, சிறுமியின் அன்னையார் ஜினாலயத்து முன்மண்டபத்தில் அமர்ந்து நம்மிடம் ஒரு வினாவை வைத்தார். அன்று அவருக்கு நம்மால் நேரிய விடை கூற இயலவில்லை. பின்னர் பல நாள் எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

நடந்தது இது. அவ்வகுப்பின் ஆசிரியை தம் சொந்தச் செலவில் ஒரு சிறு மின்கருவியை வாங்கி வகுப்பறையில் வைத்தார். டிஃப்யூசர் என்று அதற்குப் பெயர். சிறு செம்பு அளவே இருக்கும். அதில் நீரை ஊற்றிச் சில துளி நறுமண எண்ணெயை விட்டால், அடியில் உள்ள தகடு நொடிக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் அதிர்ந்து, நீரையும் எண்ணெயையும் பனிப்புகைபோல் மேலே தள்ளும். காலையில் லாவெண்டர், மழை நாட்களில் யூகலிப்டஸ். பிள்ளைகளின் கூச்சல் அடங்குகிறது, கவனம் கூடுகிறது என்பது ஆசிரியையின் நம்பிக்கை. பிள்ளைகளுக்கும் அம்மணம் பிடித்துப் போயிற்று. இச்சிறுமிக்கு மட்டும் இரண்டாம் பாடவேளைக்குள் இருமல் தொடங்கிவிடும். அதனைக் கண்ட ஆசிரியை பரிவோடு அவளைக் கதவோரத்துப் பெஞ்சுக்கு மாற்றினார். ஆயினும் பையில் உள்ள இன்ஹேலரை அவள் முன்னினும் அடிக்கடி எடுக்க வேண்டியதாயிற்று.

அன்னையார் கேட்டது இது: “அந்த டீச்சர் தங்கமானவர் ஐயா. கைக்காசைப் போட்டுப் பிள்ளைகளுக்கு நல்லது செய்கிறார். நாற்பது பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறது. என் ஒருத்திக்காக நிறுத்தச் சொல்வது நியாயமா? அவர் மனத்தைப் புண்படுத்துவதும் ஹிம்சைதானே?”

தீய எண்ணத்தால் விளையும் தீங்கைக் கண்டிப்பது எளிது. அன்பினால் விளையும் தீங்கின் முன்னே நம் நாவு எழுவதில்லை. ஆதலின் இவ்வினாவைச் சிறியது என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்தவர் நம் முன்னோர். ஊறு, சுவை இரண்டுக்கும் அடுத்து, எறும்பு முதலிய மூவறிவு உயிர்களில் தோன்றுவது மோப்பப் புலன். அதற்கு மேல் வரும் கண்ணுக்கு இமை உண்டு. செவியைக் கையால் பொத்தலாம். வேண்டாத உணவை வாய் மறுக்கலாம். மூக்கு மட்டும் மறுக்க வல்லதன்று. மணம் மூச்சோடு வருகிறது. மூச்சை நிறுத்தி வாழ்தல் எவர்க்கும் ஆகாது. ஒருவர் பரப்பும் மணத்தை அவ்வறையில் உள்ள அனைவரும் ஏற்றே தீர வேண்டும். இனிப்பை நீட்டினால் குழந்தை வேண்டாம் என்று தலையசைக்கலாம். காற்றில் கலந்து தந்ததை வேண்டாம் என்று சொல்வதற்கு அதற்கு வழியே இல்லை.

எழுந்து வெளியே போகலாமே எனின், அதுவும் இல்லை. 6 வயது முதல் 14 வயது வரை ஒவ்வொரு குழந்தையும் கல்வி பெற வேண்டும் என்பது நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம். வகுப்பறை என்பது குழந்தை தானே தேர்ந்து புகுந்த இடமன்று. நாம் அனுப்பி வைத்த இடம். தன் நெஞ்சு ஏன் இறுகுகிறது என்று எடுத்துரைக்கும் சொல்லும் பல பிள்ளைகளிடத்து இல்லை. பல நாள் இச்சிறுமி தனக்குச் சளி பிடித்திருப்பதாகவே எண்ணினாளாம்.

பிறர் கொடாததை எடுத்தல் களவு என்று அறிவோம். பிறர் கேளாததை அவர் உடலுக்குள் புகுத்துவதற்கு நம்மிடையே பெயர் இல்லை. ஆகவே அது குற்றமாகத் தோன்றுவதும் இல்லை.

இது இயற்கையான எண்ணெய்தானே, என்ன கேடு வந்துவிடும் என்று சிலர் வினவலாம். மலரின் மணம் வேறு. வடித்து இறக்கிய எண்ணெய் வேறு. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு ஏறத்தாழ 3,000 முதல் 5,000 கிலோ வரை இதழ்கள் செலவாகின்றன. அத்தனையையும் ஒரு குப்பிக்குள் திரட்டிய பின் அதனை ‘மலர்’ என்று அழைப்பது முறையன்று. நம் வீடுகளில் நீலகிரித் தைலம் இல்லாத அலமாரி அரிது. எனினும் கைக்குழந்தையின் மூக்கருகே அதைக் கொண்டு செல்லலாகாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். கடும் மணங்கள் இளைப்பு நோயினர்க்கு மூச்சுக்குழாயை இறுக்கக்கூடும் என்பது எந்த மருத்துவரும் கூறுவதே. எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களில் உள்ள லிமோனின் என்னும் பொருள், காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடையும் நுண்துகள்களையும் உண்டாக்குகிறது. 2021-இல் அமெரிக்காவில், இந்தியாவில் தயாரான லாவெண்டர் மண அறைத்தெளிப்பு ஒன்றில் கலந்திருந்த நோய்க்கிருமியால் நால்வர் மெலியாய்டோசிஸ் நோயுற்று, ஒரு குழந்தை உட்பட இருவர் மாண்டனர். அது கருவியின் குற்றமன்று, எண்ணெயின் இயல்புமன்று. குப்பியின் மேல் அச்சிட்ட இனிய சொற்களைக் கொண்டு உள்ளிருப்பதை நம்பலாகாது என்பதற்காகவே ஈண்டுக் குறித்தோம்.

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 1990-களிலேயே மருத்துவமனை, பள்ளி முதலிய பொது இடங்களில் நறுமணப் பொருள்களைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளும் வழக்கம் பரவியது. அமெரிக்காவிலும் வகுப்பறையில் டிஃப்யூசர் வைக்கலாகாது என்று ஆசிரியர்களுக்கு அறிவுறுத்திய பள்ளி நிர்வாகங்கள் உண்டு. ஆயினும் விதி வந்த பிறகு விலக்குவது ஒன்று. அறம் அறிந்து விலக்குவது மற்றொன்று.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அநர்த்ததண்ட விரதமும் ஒன்று. அதன்கண் விலக்கப்படும் ஐந்தனுள் பிரமாத சரியை என்பது, பயனின்றி நிலத்தைக் கிளறுதலும், நீரைச் சிதறுதலும், தீ மூட்டுதலும், காற்றை அலைத்தலும், பயிரை அறுத்தலும் ஆகும். இப்பட்டியலைப் பன்முறை படித்திருக்கிறோம். ஆயினும் நீரும் காற்றும் பயிரும் ஒரே கருவியில் ஒருங்கு கூடும் என்று நாம் எண்ணியதில்லை. ஆசிரியை பயனின்றிச் செய்யவில்லையே, பிள்ளைகளின் அமைதி என்னும் பயன் இருந்ததே எனின், உண்மைதான். அவரைப் பயனிலி செய்தவர் என்று நாம் கூறோம். ஆனால் பிரமாதம் என்ற சொல்லின் பொருள் நோக்கமின்மை மட்டுமன்று, விழிப்பின்மையும் ஆம். உமாஸ்வாமி முனிவர் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது, விழிப்பற்ற செயலால் பிராணன்களுக்கு ஊறு விளைத்தலே அது என்றார். அப்பிராணன்கள் பத்து என எண்ணுவர்: ஐம்புலன், மனம் வாக்கு காயம் என்னும் மூன்றின் வலிமை, ஆயுள், மூச்சு. மூச்சு அப்பத்தனுள் ஒன்று. அந்நான்காம் வகுப்புச் சிறுமிக்குக் குறைந்தது அதுவே.

விழிப்பைக் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். எந்த மணத்தையும் சிறிது நேரம் நுகர்ந்தபின் மூக்கு அதனை உணராது போகும். காலை முதல் அறையில் இருப்பவர்க்கு மணம் தீர்ந்ததுபோல் தோன்றும். மேலும் இரு துளி விடுவார். புதிதாய் உள்ளே வருபவர்க்கே அதன் கடுமை தெரியும். கொடுப்பவர் தாம் கொடுப்பதன் அளவை அறியாதபடி அமைந்த கொடை இது.

அங்ஙனமாயின் ஜினாலயத்தில் தூபம் இடுகிறோமே என்று ஓர் அன்பர் கேட்டார். நல்ல கேள்வி. அர்ச்சனைத் திரவியங்கள் எட்டனுள் தூபமும் ஒன்றுதான். ஆலயத்துக்கு வருபவர் விரும்பி வருகிறார். புகை ஆகாதெனில் வலம் வரும் வழியில் நின்று வணங்கலாம். சிறிது நேரத்தில் வீடு திரும்புகிறார். கதவை அடைத்துக் குளிர்பதனம் செய்த அறையில், ஆறு மணி நேரம், ஒவ்வொரு நாளும் அமர வேண்டிய பிள்ளையின் நிலை அதுவன்று.

நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கே அன்னையாரை மிகவும் அலைத்தது. ஆனால் தராசின் இரு தட்டிலும் வைத்தவை ஒரே பொருளல்ல. கருவியை நிறுத்தினால் நாற்பதின்மர் இழப்பது ஓர் இனிமை. நிறுத்தாவிடில் ஒருத்தி இழப்பது மூச்சு. அவளைக் கதவோரம் அமர்த்தியதும் நமக்கு உடன்பாடன்று. பரிவே ஆயினும், விலகியிருக்க வேண்டியது குழந்தை, இருக்க வேண்டியது எண்ணெய் என்றல்லவா அது ஆகிவிட்டது?

ஆசிரியையின் மனம் நோகுமே என்ற அச்சத்துக்கு மட்டும் நாம் மதிப்புத் தருகிறோம். எப்படிச் சொல்வது என்பதில் அந்த அச்சம் நமக்குத் துணையாகலாம். சொல்லாமலே இருப்பதற்குக் காரணமாகலாகாது. பிறர் முன்னிலையில் அன்றித் தனியே, தலைமையாசிரியரிடம் முறையிடுவதற்கு முன் அவரிடமே சொல்லுமாறு கடிதம் எழுதினோம். அன்னையார் அங்ஙனமே செய்தார். ஆசிரியைக்கு முதலில் முகம் வாடிற்றாம். “இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டாராம். மறுநாள் கருவி அங்கு இல்லை, சன்னல்கள் திறந்திருந்தன. சில பிள்ளைகள் அம்மணத்தைக் கேட்டு இன்னமும் நச்சரிக்கிறார்கள் என்றும், அதற்குக் காரணம் தன் மகளே என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்றும் அன்னையார் எழுதியிருந்தார். அதற்கு நாம் என்ன சொல்வது?

கடிதத்தை மடித்து வைத்தபொழுது நமக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஆண்டுதோறும் கோடையில் நாம் நடத்தும் அறநெறி வகுப்பில், பாடம் தொடங்குமுன் நான்கு மூலையிலும் ஊதுபத்தி ஏற்றி வைப்பது வழக்கம். பல ஆண்டுகளுக்கு முன் பயின்ற சிறுவன் ஒருவன், எத்தனை முறை உள்ளே அழைத்தாலும் வாயிற்படியிலேயே அமர்ந்திருப்பான். அடக்கமற்றவன் என்று ஒருமுறை கடிந்தும் கொண்டோம். இரண்டாம் கோடைக்கு அவன் வரவில்லை. இப்பொழுது வெளியூரில் பணியில் இருப்பதாகக் கேள்வி. அவனுக்கு எழுத முகவரி தேடிக்கொண்டிருக்கிறோம்.