"வீட்ல சும்மாதான் இருக்காங்க"



அன்றாடப் பேச்சில் சில தொடர்கள் காதில் விழுந்தாலே நம்மில் பலருக்கு எரிச்சல் வரும். வாக்கியத்துக்கு வாக்கியம் "பாத்தீங்கன்னா, பாத்தீங்கன்னா" என்று ஒருவர் பேசினால் இன்னொருவருக்குப் பொறுக்காது. பேரன் பிரியாணியையும் "வேற லெவல்" என்கிறான், பாட்டையும் "வேற லெவல்" என்கிறான், வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்று தாத்தா கோபப்படுவார். "மொக்கை", "செம", "மாஸ்" என்ற சொற்களைக் கேட்டு முகம் சுளிக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தமிழ் கெட்டுப்போகிறதே என்கிற கவலை அவர்களுக்கு.

அந்தக் கவலையை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சொற்களால் யாருக்கும் தீங்கில்லை. தொல்காப்பியர் தம் இலக்கணத்தில் இடையியல் என்ற பகுதியில் அசைநிலைச் சொற்களுக்கென்றே இடம் கொடுத்திருக்கிறார். தனியாகப் பொருள் எதுவும் தராமல் பேச்சோடு சேர்ந்து வருகிற சொற்கள் அவை. "சென்மதி" என்பதில் வருகிற "மதி" அப்படிப்பட்டதுதான். எதிரே இருப்பவரைப் பார்த்துப் பேசும்போது மட்டும் வருகிற அசை அது. இன்றைய "பாத்தீங்கன்னா"வும் எதிரே இருப்பவரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிற சொல்தான். இளைஞர்களின் சொற்களோ பத்து வருஷத்தில் தாமாகவே மறைந்துபோய் வேறு சொற்கள் வந்துவிடும். அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

என்னைச் சங்கடப்படுத்துகிற தொடர்கள் வேறு. அவற்றைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. நல்ல மனிதர்கள், நல்ல எண்ணத்தோடு, சிரித்த முகமாகவே அவற்றைச் சொல்கிறார்கள்.

முதலாவது, "அம்மா வீட்ல சும்மாதான் இருக்காங்க."

பெண் பார்க்க வந்த இடத்தில், புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டில், பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது, எங்கேயும் இந்தப் பதிலைக் கேட்கலாம். "அப்பா ரயில்வேல இருக்கார். அம்மா சும்மாதான் இருக்காங்க." இந்தப் பேச்சை நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிற இதே நேரத்தில் அந்த அம்மா எத்தனை வேலையில் இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு அடுப்பில் இட்லிப் பானை, இன்னொரு அடுப்பில் மதியச் சாப்பாட்டுக்கான குழம்பு. குழாயில் தண்ணீர் வருகிற நேரம் அவருக்குத்தான் தெரியும். மாமியாருக்குச் சாப்பாட்டுக்கு முன் எந்த மாத்திரை, பின் எந்த மாத்திரை என்பதும், சின்னவனுக்கு இன்று விளையாட்டு வகுப்பு, வெள்ளைச் சட்டை போட வேண்டும் என்பதும் அவர் நினைவில்தான் இருக்கிறது. சிலிண்டர் தீர்ந்துபோகும் நாளை அவர் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கிறார். நாளைக்கு மாவு வேண்டுமென்றால் இன்று மதியத்துக்குள் அரிசி ஊறியாக வேண்டும்.

2019-ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம், மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அதே வேலையில் கை வைத்த ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். அப்படிக் கை வைத்த ஆண்களே நூற்றுக்கு இருபத்தாறு பேர்தான். குழந்தையையும் முதியவரையும் பார்த்துக்கொள்கிற நேரம் இதில் சேரவில்லை. அது தனிக் கணக்கு.

இந்த வேலையை வேலையென்று ஏற்றுக்கொள்ள நாட்டுக்கும் வெகுகாலம் பிடித்திருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் பார்க்கிற பெண் "வேலை செய்யாதவர்" என்ற பட்டியலில்தான் வருகிறார். ஆனால் நீதிமன்றங்கள் மாறிக்கொண்டு வருகின்றன. 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கணவர் சவூதி அரேபியாவில் வேலை பார்த்தவர். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்து வீட்டைக் கவனித்துக்கொண்டவர். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது நீதிமன்றம். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித் தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத் தொகை என்றே வைத்தார்கள். சட்டமும் அரசும் இவ்வளவு தூரம் வந்துவிட்டன. நம் வாய் மட்டும் "சும்மாதான்" என்பதிலேயே நிற்கிறது. இதில் எனக்கு அதிகம் வலிப்பது, அந்தப் பெண்களே தங்களைப் பற்றிச் சொல்லும்போது, "நான் சும்மாதாங்க இருக்கேன்" என்று சொல்வதுதான்.

இரண்டாவது தொடர், கல்யாண வீடுகளில் கேட்பது. "ஏதாவது விசேஷம் உண்டா?"

கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருக்காது, அந்தப் பெண்ணிடம் கேட்பார்கள். மூன்று வருஷம் ஆகியிருந்தால் கேட்பவர்களின் எண்ணிக்கை கூடும். கேட்கிற பெரியம்மாவுக்கு அன்பைத் தவிர மனதில் வேறொன்றும் இருக்காது. ஆனால் அந்தப் பெண் போன வாரம்தான் மருத்துவமனையில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். கரு தங்காமல் போய் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம். குறை கணவரிடம் இருந்து, அவரைக் காப்பாற்றுவதற்காக இவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பிள்ளைப்பேறு தாமதமாவதோ இல்லாமற்போவதோ உலகில் வளர்ந்தவர்களில் ஆறு பேரில் ஒருவர் வாழ்க்கையில் எப்போதாவது சந்திக்கிற சிக்கல் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. முந்நூறு பேர் கூடுகிற மண்டபத்தில் அப்படி எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்? அதனால்தான் சில தம்பதிகள் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். வராதவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று பேசுகிறோம்.

"என்னம்மா, இப்படிக் கறுத்துட்ட?", "என்னப்பா இளைச்சுட்ட, சுகரா?" என்ற விசாரிப்புகளும் இந்த வகைதான். பார்த்து ஒரு வருஷமாகிறது, முதல் வார்த்தையே உடம்பைப் பற்றிய குறையாக இருக்க வேண்டுமா?

துக்க வீட்டில் நடப்பதை இவற்றோடு ஒப்பிட மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அப்பாவைப் பறிகொடுத்தவனிடம், "வயசாயிடுச்சு, படுக்கையில கிடக்காம போனாரே, கல்யாணச் சாவு" என்கிறோம். எண்பது வயது அப்பாவாக இருந்தாலும் அவனுக்கு அவர் ஒரே அப்பா. அவன் அழுகையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் உரிமையை நமக்கு யார் கொடுத்தார்கள்?

இவற்றைத் திருத்திக்கொள்ள வெளியிலிருந்து ஒரு பாடமும் நமக்குத் தேவையில்லை. சொல்லில் கவனம் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. வாசற்படி தாண்டுகிறவரிடம் "எங்கே போறே?" என்று கேட்காமல் "தூரமா?" என்று கேட்ட பாட்டிகளை நமக்குத் தெரியும். விளக்கை "அணை" என்று சொல்ல மனமில்லாமல் "குளிர வை" என்று சொன்னவர்கள் நாம். விடைபெறும்போது "போயிட்டு வர்றேன்" என்கிறோம். அதையே துக்க வீட்டில் சொல்லக் கூடாது என்று, ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வந்துவிடுகிறோம். விளக்கின் முன்னால் இவ்வளவு யோசித்துப் பேசுகிற நாம், அந்த விளக்கை ஏற்றுகிற பெண்ணைப் பற்றிப் பேசும்போது யோசிக்க மறந்துவிட்டோம்.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று யாராவது உங்களிடம், "வீட்ல அவங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டால், செய்வதைச் செய்வதாகச் சொல்லுங்கள். "வீட்டைப் பார்த்துக்கிறாங்க, பிள்ளைகளைப் பார்த்துக்கிறாங்க" என்று சொல்லுங்கள். அடுத்த முகூர்த்தத்தில் மண்டபத்தில் அந்த இளம் தம்பதியைப் பார்த்தால், பக்கத்தில் உட்கார வைத்து, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேளுங்கள்.