தண்ணீரே தலையாய தர்மம்



மவுத்தாகிவிட்ட தம் அன்னைக்காக எந்த ஸதகா சிறந்தது என ஸஅது இப்னு உபாதா (ரலி) அவர்கள் வினவியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தண்ணீரையே குறிப்பிட்டார்கள். ஸஅது (ரலி) அவர்கள் அன்னைக்காக ஒரு கிணறு தோண்டினார்கள்.

இராஜஸ்தானில் அல்வர் மாவட்டத்து வறண்ட கிராமம் ஒன்றுக்கு, 1985-ல் இராஜேந்திர சிங் என்பாரும் நண்பர்கள் நால்வரும் மருத்துவமும் கல்வியும் வழங்கச் சென்றனர். அவ்வூர்ப் பெரியவர் ஒருவரோ தண்ணீருக்கு வழி செய்யுமாறே வேண்டினார். இராஜேந்திர சிங் மண்வெட்டியைக் கையில் எடுத்தார். பின்னர் ஊராரும் சேர்ந்தனர். 'ஜோஹட்' எனும் மண்கரைக் குளங்களில் மழைநீர் தேங்கிப் பூமிக்குள் இறங்கிற்று. வற்றிய கிணறுகள் ஊறின. சுற்றுவட்டாரமெங்கும் குளங்கள் பெருகவே, 1990-களில் அர்வரி ஆறே மீண்டும் ஓடிற்று.

நாமும் கிராமங்களுக்குப் போகிறோம், பயான் செய்கிறோம், சாப்பிட்டுத் திரும்புகிறோம். அவர்களின் தேவை என்னவென்று கேட்டோமா? மிம்பரில் ஸதகாவின் சிறப்பை ஓதும் நாமே, தூர்ந்து கிடக்கும் ஊர்க்குளத்தைக் கண்டும் காணாதவராய்க் கடந்து போகிறோமே!

வரும் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் மண் சுமப்போம். அது நம் கப்ரிலும் நன்மை சேர்க்கும் ஸதகத்துல் ஜாரியா. அல்லாஹ் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.