கதவு திறந்திருந்தால் போதுமா?

'ஆஸ்பத்திரியில் யாரும் சாதி கேட்பதில்லையே' என்று நம்மிடம் அடிக்கடி சொல்கிறார்கள். வேதாரண்யத்து முற்போக்கு நண்பர்களும் சொல்கிறார்கள். சரி, கேட்கவில்லை. ஓ.பி. சீட்டு எல்லோருக்கும் ஒரே சீட்டுதான். ஆனால் யாரையும் விரட்டாமலிருப்பதோடு பொதுச் சுகாதார நிறுவனத்தின் சமத்துவக் கடமை முடிந்துபோகிறதா?

தீண்டாமையின் பேரால் ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுப்பதை 1955-ம் வருஷத்துச் சட்டமே குற்றம் என்றது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் வந்த திருத்தம் ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம் என்று பெயர் சொல்லியே, நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. அவசர நோயாளியை இடமில்லையென்று அரசு ஆஸ்பத்திரி திருப்பியனுப்புவது உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று 1996-ல், மேற்கு வங்க வழக்கொன்றில், உச்சநீதிமன்றம் சொன்னது. எல்லாம் போராடிப் பெற்றவை, விட்டுக்கொடுக்க முடியாதவை. ஆனால் மூன்றும் வாசலிலேயே நிற்கின்றன. வந்தவனை மறிக்காதே என்கின்றன. வரமுடியாதவனைப் பற்றி?

அகஸ்தியம்பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். 1930-ல் ராஜாஜி உப்பள்ளிய இடம். நினைவுத்தூண் இருக்கிறது, ஏப்ரல் வந்தால் மாலை விழும். இன்றைக்கும் உப்பு வாருகிற காலை யார் பார்க்கிறார்கள்? உப்புத்தண்ணியில் ஊறிய வெடிப்பு ஆறவே ஆறாது. வெள்ளைப் பாத்தியில் அடிக்கிற வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண் எரியும். பொழுது விடியுமுன்னே இறங்கி, வெயில் உச்சிக்கு வரும்போது கரையேறினால், ஓ.பி. முடிகிற நேரம். 'ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்குக் கூலி போச்சு' என்பதுதான் அங்கே எல்லார் வாயிலும். தலித்துகளும் பிற ஏழைச் சாதிகளும் உழைக்கிற இடம் அது. ஓ.பி. நேரத்தை வைத்தவர் சாதி வெறியர் அல்ல. இவர்களை நினைக்கவில்லை, அவ்வளவுதான். நினைக்காமலிருப்பதற்குத் தண்டனை சொல்லும் பிரிவு எது?

எங்கள் தெருவுக்கு வரும் நர்ஸம்மா ஒருவர் உண்டு. வாசலுக்கு நாலடி தள்ளி நின்று, 'புள்ளைய வெளிய தூக்கிட்டு வாம்மா' என்பார். ஊசி போட்டாயிற்று, பதிவேட்டில் ஏறியாயிற்று. எந்தக் குறையும் எழுத முடியாது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளைப் பற்றி சங்கமித்ரா ஆச்சார்யா 2010-ல் எழுதிய ஆய்விலும் இதே கதைதான்: தொடாமல் மருந்து கொடுப்பது, வீட்டுக்குள் வராமல் போவது.

2004 சுனாமியை நினைத்துக்கொள்ளுங்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். கொள்ளைநோய் வராமல் தடுத்தோம் என்று சுகாதாரத் துறை பாராட்டு வாங்கியது. வாங்கட்டும். பிணங்களை எடுத்தது யார்? வெளியூர் நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித்துகள். பலர் கையில் உறைகூட இல்லை. ஊரின் ஆரோக்கியம் அந்தக் கைகளால் காப்பாற்றப்பட்டது. அந்தக் கைகளின் ஆரோக்கியம் யார் கணக்கு?

இங்கிலாந்தில் 2010-ல் ஒரு சமத்துவச் சட்டம் செய்தார்கள். அரசு ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் எந்த முடிவெடுத்தாலும், அது யாரைப் பாதிக்கும், யாருக்கு எட்டாமல் போகும் என்று முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். குற்றம் நடந்தபிறகு தேடுகிற சட்டமல்ல. அதிலும் சாதியைச் சேர்க்கும்படி 2013-ல் நாடாளுமன்றம் சொன்னது. 2018-ல் அரசு கைவிட்டுவிட்டது. கடல் தாண்டிப் போயும் சாதி தப்பித்துக்கொண்டது பாருங்கள்!

நம் ஊரில் இப்படியொரு கடமையைக் கேட்டால், தெருவாரியாக, சாதிவாரியாகக் கணக்கெடுப்பதே சாதியை வளர்ப்பது என்கிறார்கள். புதுக்கோட்டை வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகளுக்கு நோய் கண்டது. பிறகுதான் சேரிக்கான மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தது. சேரிக்குத் தனித் தொட்டி கட்டியது யார்? அரசுப் பணம்தானே? தொட்டி கட்டும்போது பார்த்த சாதியைக் கணக்கெடுக்கும்போது மட்டும் பார்க்கக் கூடாதா?

வீடு தேடிப் போக முடியாது என்றும் இனி சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நல்ல காரியம். கொடுத்த வீடுகளில் ஊரில் எத்தனை, சேரியில் எத்தனை, எந்த வீட்டில் உள்ளே போய் உட்கார்ந்து கொடுத்தார்கள், எந்த வீட்டில் வேலிப்படலோடு நின்றார்கள் என்று கேட்டு நம் தோழர்கள் ஒவ்வொரு சுகாதார நிலையத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டும். முதல் பாதிக்குப் பதில் வரலாம். மற்றதற்குப் பதிவேட்டில் கட்டமே கிடையாது.