கருணைக்கு ஒத்திகை உண்டா?

1911ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் வைத்தியசாலையைச் சேர்ந்த தாதியர் பயிற்சிப் பள்ளிக்கு ஆளுயரப் பொம்மை ஒன்று வந்து சேர்ந்தது. மார்த்தா சேஸ் என்னும் பொம்மைத் தொழிலாளி ஆக்கிய அதனைத் தூக்கவும், புரட்டவும், உடை மாற்றவும் மாணவியர் பழகினர். இன்றைய பொம்மையோ மூச்சு விடுகின்றது. ஆசிரியர் வேண்டும்பொழுது அம்மூச்சுத் தளர்கின்றது, இடைவெளி நீள்கின்றது, ஈற்றில் நின்றும் விடுகின்றது. மகளாக நடிக்கும் ஒருத்தி, “அம்மாவுக்கு நோகிறதா?” என விம்முகிறாள். மாணவத் தாதி மறுமொழி கூறவேண்டும். இறக்கும் மனிதரைப் பேணும் முறை இவ்வாறு கற்பிக்கப்படுகின்றது.

இது வெறும் நாடகமன்றோ, அன்பை ஒத்திகை பார்த்தல் அன்பையே பொய்யாக்காதோ எனச் சிலர் வினவுவர். அவ்வினாவிலே நியாயம் உண்டு. மனப்பாடம் செய்த ஆறுதல் மொழி, கேட்பவரின் காதில் மனப்பாடமாகவே ஒலிக்கும். ஆயினும் நெஞ்சில் இரக்கம் இருந்தால் மட்டும் போதுமா? இரக்கம் மிகுந்த இளந்தாதியும் அச்சத்தினால் கட்டிலை விட்டகன்று, மருந்துப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு நிற்பதுண்டு. உலர்ந்த உதட்டை நனைப்பதற்கும், கையைப் பற்றியவாறு பேசாது அமர்வதற்கும், உண்மையைக் கொடுமையின்றி உரைப்பதற்கும் பழக்கம் வேண்டும்.

அப்பழக்கத்தை எவரிடம் பெறுவது? நாம் எழுப்பவேண்டிய கேள்வி இதுவே. ஐரோப்பாவில் வசதி படைத்தோர் தம் இல்லங்களிலே தேர்ந்த வைத்தியரிடம் சிகிச்சை பெற்ற காலத்தில், தரும வைத்தியசாலைகளிற் கிடந்த வறியோரே மாணவரின் பாடநூலாயினர். பிரித்தானியாவின் 1832ஆம் ஆண்டு உடற்கூற்றுச் சட்டம், உரிமை கோருவாரின்றி இறந்த ஏழைகளின் சடலங்களையும் மாணவரின் கத்திக்கு வழங்கியது. பிறரிடம் இழைத்த பிழையை நாளை திருத்தலாம். சாகின்றவருக்கு நாளை இல்லை. கற்றுக்கொள்பவரின் முதற் பிழையை எத்தனை முறையும் ‘இறக்க’வல்ல பொம்மை ஏற்பது, ஏழைக்குக் கிடைக்கும் நீதியேயாகும்.

எனினும் பொம்மைக்குக் கவலையில்லை, கடனில்லை, விட்டுச்செல்லப் பிள்ளைகளில்லை. 1960களிலே சிக்காகோவில் மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ரோஸ், இறக்கும் நிலையிலிருந்த நோயாளரை அவர்தம் சம்மதத்துடன் அழைத்து, மாணவர் செவிமடுக்கப் பேசவைத்தார். அவர்கள் ஆசான்களாக அமர்ந்தனர். இவ்விடத்தைப் பொம்மை நிரப்பமாட்டாது.

மற்றுமொன்று. ஒத்திகையில் ஒரு நோயாளிக்கென ஒரு தாதி முழுமையாக நிற்கிறாள். நெருக்கடி மிகுந்த நோயாளர் விடுதியில் அவளைப் பல கட்டில்கள் ஏககாலத்தில் அழைக்கின்றன. அமரக் கற்றவளுக்கு அமர நேரமில்லை. அப்பொழுது அவள் பெற்ற பயிற்சி, செய்யவியலாத கடமையின் குற்ற உணர்ச்சியாக அவளையே வருத்தும். பொம்மைக்குப் பணம் ஒதுக்குவோர், போதிய தாதியரை நியமிக்கவும் பணம் ஒதுக்கவேண்டும். தாதியிடம் கருணையைக் கோரும் சமுதாயம், அக்கருணைக்கு வேண்டிய நேரத்தை அவளுக்கு அளிக்கக் கடமைப்பட்டதாகும்.